56 வயதில் முழங்கால் ஜவ்வைத் தைக்கலாமா?

வளைகுடாவில் வேலை செய்யும் தம்பி ஒருவர், குலசேகரம் பக்கம் இருக்கும் தம் அம்மாவைப் பற்றிக் கேட்டிருக்கிறார். அம்மாவுக்கு 56 வயது. ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். ஐந்து வாரங்களுக்கு முன் தோட்டச் சரிவில் இறங்கும்போது முழங்காலின் பின்பக்கம் ‘டப்’பென்று ஒரு சத்தம் கேட்டிருக்கிறது. அன்றிலிருந்து வலி. எம்ஆர்ஐ அறிக்கையில், உள்பக்க மெனிஸ்கஸின் (முட்டுக்குள் இருக்கும் திண்டு) பின்வேர் (அது எலும்பில் பதிந்திருக்கும் பின்முனை) முழுதாகக் கிழிந்திருக்கிறது, மெனிஸ்கஸ் 4 மி.மீ. வெளியே பிதுங்கியிருக்கிறது, தேய்மானம் குறைவு என்று எழுதியிருக்கிறார்கள். திருவனந்தபுரத்தில் பார்த்த மருத்துவர் சீக்கிரம் தைத்துவிட வேண்டும் என்கிறார். நாகர்கோவிலில் பார்த்தவர், இந்த வயதில் தைப்பது வீண், சில வருடம் ஓட்டிவிட்டு மூட்டையே மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். தாய்மாமா வர்ம ஆசானிடம் அழைத்துப் போகச் சொல்கிறார். தம்பியோ, 45 வயதைத் தாண்டியவர்களுக்கு இந்த அறுவையால் பயனில்லை என்று ஆய்வுகள் சொல்வதாகப் படித்திருக்கிறார். யார் சொல்வதைக் கேட்பது என்பது அவர் கேள்வி.

தம்பி, நான் இயன்முறை மருத்துவம் படித்து, மார்த்தாண்டத்தில் 22 ஆண்டுகளாக முழங்கால்களோடுதான் காலம் கழிக்கிறேன். பாறசாலை, வெள்ளறடை பக்கமிருந்தும் வருவார்கள், பேச்சிப்பாறை மலையோரத்திலிருந்தும் வருவார்கள். அந்த அனுபவத்தில் சொல்கிறேன். நீங்கள் படித்தது உண்மை. திருவனந்தபுரத்து மருத்துவர் சொன்னதும் சரி. இரண்டும் வேறு வேறு கிழிசலைப் பற்றிய பேச்சு. உங்கள் அம்மாவின் கிழிசல் எந்த வகை என்பது தெளிந்துவிட்டால் மற்றக் குழப்பங்களில் பாதி தானாகவே அடங்கிவிடும்.

முதலில் அந்த ‘ஜவ்வு’ என்ற சொல்லைப் பிரித்துக்கொள்வோம். நம் ஊரில் முட்டுக்குள் மிருதுவாக இருக்கும் எதற்கும் ஜவ்வு என்றுதான் பெயர். எலும்பையும் எலும்பையும் இழுத்துக் கட்டும் தசைநாரும் ஜவ்வு. எலும்பு முனையில் கண்ணாடி போலப் பூசியிருக்கும் குருத்தெலும்பும் ஜவ்வு. இவை இரண்டும் இல்லாமல், தொடை எலும்புக்கும் கணுக்கால் பக்கம் போகும் எலும்புக்கும் நடுவில் பிறை வடிவத்தில் இரண்டு திண்டுகள் கிடக்கின்றன; அவைதான் மெனிஸ்கஸ். அதுவும் ஜவ்வு. ஒருவருக்கு ஜவ்வில் அறுவை செய்து பயனில்லாமல் போயிற்று என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்லும்போது, இந்த மூன்றில் எதைச் சொல்கிறார் என்று கேட்காமல் முடிவெடுப்பதால்தான் பலருடைய கால் வீணாகிறது. தேய்மானம் என்ற சொல்லும் இப்படித்தான். எல்லைக்கு அந்தப் பக்கம் மலையாளத்திலும் இதே சொல்லைத்தான் சொல்கிறார்கள். நாற்பதைத் தாண்டிய எந்த முட்டுவலிக்கும் இரண்டு பக்கமும் இந்த ஒரு சொல்லிலேயே பேச்சு முடிந்துவிடுகிறது.

மெனிஸ்கஸைப் பற்றி மருத்துவ உலகமே வெகுகாலம் தவறாக நினைத்திருந்தது. 1883ஆம் ஆண்டில் எடின்பரோவில் தாமஸ் அன்னன்டேல் என்ற அறுவை மருத்துவர், பிய்ந்துபோன மெனிஸ்கஸை முதன்முதலாகத் தைத்துச் சேர்த்தார். அந்த நோயாளி ஒரு சுரங்கத் தொழிலாளி. குனிந்தும் குந்தியும் நாள் முழுவதும் வேலை செய்கிறவர். உங்கள் அம்மாவின் முட்டுக்கு உறவு என்றே எனக்குத் தோன்றும். ஆனால் அவர் காட்டிய வழியைப் பின்வந்தவர்கள் தொடரவில்லை. மெனிஸ்கஸ் வேலையற்ற மிச்சம் என்று எழுதியவர்கள்கூட உண்டு. கிழிந்ததென்றால் முழுதாக அறுத்து எடுத்துவிடுவதே வழக்கமாக இருந்தது. 1948இல் ஃபேர்பாங்க் என்பவர், அப்படி எடுக்கப்பட்ட முழங்கால்களை எக்ஸ்ரேயில் தொடர்ந்து பார்த்து, மூட்டு இடைவெளி குறுகி எலும்பு மாறுவதைக் காட்டினார். பிறகுதான் திண்டின் அருமை புரிந்தது. கால் நீட்டி நிற்கும்போது முழங்காலில் விழும் பாரத்தில் ஏறக்குறைய பாதியை மெனிஸ்கஸ்கள் தாங்குகின்றன. முட்டை 90 பாகை மடக்கினால் அது 85 சதவீதம் அளவுக்குப் போகிறது. மரத்தின் அடிப்பகுதியில் வெட்டுவதற்காக ஒருவர் குந்தும்போது அவருடைய உடலை எது சுமக்கிறது என்று இதிலிருந்தே தெரியும்.

இனி நீங்கள் படித்த ஆய்வுகளுக்கு வருகிறேன். வயதாக ஆக மெனிஸ்கஸ் நைந்துபோகும். பழைய வேட்டி நடுவில் நைந்து இழை பிரிவது போல, அடிபடாமலே கிழியும். அமெரிக்காவில் ஃப்ராமிங்காம் என்ற ஊரில் 50 முதல் 90 வயது வரையுள்ள 991 பேருக்கு எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்த ஆய்வு 2008இல் வந்தது. கிழிசல் இருந்தவர்களில் 61 சதவீதம் பேருக்கு அதற்கு முந்தைய மாதத்தில் முட்டில் வலியோ பிடிப்போ இருக்கவில்லை. அறிக்கையில் கிழிசல் என்று எழுதியிருப்பதனாலேயே வலிக்குக் காரணம் அதுதான் என்று ஆகிவிடாது.

ஃபின்லாந்தில் நடந்த சோதனை இன்னும் துணிச்சலானது. 35 முதல் 65 வயது வரையுள்ள 146 பேர். தேய்வினால் கிழிந்தவர்கள். பாதிப் பேருக்கு உண்மையிலேயே கிழிந்த பகுதியை வெட்டி எடுத்தார்கள். மீதிப் பேருக்கு அறுவை அரங்கில் படுக்கவைத்து, எல்லாம் செய்வது போலவே செய்து, எதையும் வெட்டாமல் விட்டார்கள். ஓர் ஆண்டு கழித்து இரண்டு கூட்டமும் ஒரே அளவில்தான் தேறியிருந்தது. 2013இல் அது வெளிவந்தது. 2016இல் நார்வேயில் 140 பேரை வைத்து, 12 வார உடற்பயிற்சியையும் அறுவையையும் ஒப்பிட்டார்கள். இரண்டு ஆண்டு முடிவில் வேறுபாடு இல்லை. தொடைத் தசையின் வலிமை மட்டும் தொடக்க மாதங்களில் பயிற்சி செய்தவர்களுக்குக் கூடுதலாக இருந்தது. ஆகவே நைந்து கிழிந்த மெனிஸ்கஸோடு என்னிடம் வருகிறவர்களில் மிகப் பெரும்பாலோரிடம் நான் சொல்வது, மூன்று மாதம் ஒழுங்காகப் பயிற்சி செய்யுங்கள், எடையைக் குறையுங்கள், கத்தியை மறந்துவிடுங்கள் என்பதுதான். உடல் எடையில் ஒரு கிலோ குறைந்தால், எடுத்துவைக்கும் ஒவ்வோர் அடியிலும் முழங்காலின் மேல் நான்கு கிலோ பாரம் குறைகிறது. முட்டு பூட்டிக்கொண்டு நீட்ட முடியாமல் நிற்பவர்கள் வேறு கணக்கு. வாளியின் பிடி போல ஒரு துண்டு கழன்று நடுவில் மாட்டிக்கொண்டிருக்கும். அவர்களை எந்த வயதிலும் உடனே அறுவை மருத்துவரிடம் அனுப்ப வேண்டும்.

அந்த ஆய்வுகளை மறுபடி ஒரு முறை பாருங்கள். அவற்றில் செய்த அறுவை, கிழிந்த பகுதியை வெட்டி எடுப்பது. தைத்துச் சேர்ப்பதை அவை சோதிக்கவே இல்லை. நைந்த இடத்தைத் தைத்தும் பெரிய பயன் இராது; மெனிஸ்கஸின் வெளி விளிம்பில்தான் ரத்த ஓட்டம் உண்டு, உள் பகுதிக்கு ரத்தம் போவதில்லை, ரத்தம் போகாத இடம் ஒட்டாது. வயதானவர்களுக்குத் தைப்பது வீண் என்ற பேச்சு இங்கிருந்துதான் பிறந்தது. பல கிழிசல்களுக்கு அது பொருந்தும். உங்கள் அம்மாவுக்கு வந்திருக்கும் கிழிசலுக்குப் பொருந்தாது.

பிறை வடிவத் திண்டின் இரண்டு முனைகளும் எலும்பில் வேர் போலப் பதிந்திருக்கின்றன. பாரம் விழும்போது திண்டு வெளியே தள்ளப்படாமல் இழுத்துப் பிடிப்பவை இந்த வேர்களே. பந்தல் கயிற்றை நினைத்துக்கொள்ளுங்கள். துணியில் ஒரு பொத்தல் விழுந்தாலும் பந்தல் நிற்கும். முளையில் கட்டிய கயிறு அறுந்தால் துணி எவ்வளவு புதிதாக இருந்தாலும் பந்தல் சரிந்துவிடும். பின்வேர் அறுந்த முழங்கால்களில் அழுத்தத்தை அளந்து பார்த்தபோது, உச்ச அழுத்தம் ஏறக்குறைய 25 சதவீதம் கூடியது. மெனிஸ்கஸை முழுதாக எடுத்துவிட்டால் வரும் அழுத்தத்துக்கும் இதற்கும் வேறுபாடு தெரியவில்லை. வேரைத் திரும்பக் கட்டியதும் அழுத்தம் பழைய நிலைக்கு வந்தது. இறந்தவர்களின் முழங்கால்களைக் கொண்டு செய்த அந்த ஆய்வு 2008இல் வந்தது. உங்கள் அம்மாவின் அறிக்கையில் 4 மி.மீ. வெளியே பிதுங்கியிருக்கிறது என்று எழுதியிருப்பது இந்தச் சரிவைத்தான். 3 மி.மீ. தாண்டினாலே கவலைப்பட வேண்டும்.

இது யாருக்கு வருகிறது என்று பார்த்தால் மனம் கனக்கிறது. ஐம்பதை ஒட்டிய பெண்கள், கொஞ்சம் உடல் கனம், கால் லேசாக வெளிவளைந்திருக்கும், தரையில் உட்கார்ந்தும் குந்தியும் வாழ்க்கை நடத்தியவர்கள். பெரிய விபத்து ஒன்றும் இராது. ஒரு படி இறங்குவார்கள், பின்முட்டில் சத்தம் கேட்கும். தரையில் உட்காரும் வழக்கமுள்ள கொரியாவிலும் ஜப்பானிலும் இதைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறார்கள். நம் ஊரில் இந்தச் சத்தத்தை யாரும் பொருட்படுத்துவதில்லை. வயதாயிற்று என்று எண்ணெய் தேய்த்துக்கொண்டு மறுநாள் தோட்டத்துக்குப் போய்விடுகிறார்கள்.

நானும் ஒரு முறை இதைத் தவறவிட்டேன். சில ஆண்டுகளுக்கு முன், எல்லைக்கு அந்தப் பக்கமிருந்து ஓர் அம்மா வந்தார். படியில் சத்தம் கேட்டது என்று தெளிவாகச் சொன்னார். எம்ஆர்ஐ இல்லை. தேய்வுக் கிழிசல் என்று எண்ணி நான்கு மாதம் பயிற்சி கொடுத்தேன். தசை வலுப்பட்டது, வலி மட்டும் விடவில்லை. கடைசியில் நிற்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் உள்பக்க இடைவெளி மூடியே விட்டிருந்தது. அதற்குப் பிறகு ‘சத்தம் கேட்டதா, எந்த இடத்தில் கேட்டது’ என்று நான் கேட்காத நோயாளி இல்லை. அவர் முதல் நாள் என் முன்னால் உட்கார்ந்து சொன்னது இன்றும் காதில் இருக்கிறது.

தைத்தால் என்ன கிடைக்கும் என்பதையும் மிகைப்படுத்தாமல் சொல்ல வேண்டும். பின்வேர் அறுந்தவர்களில் ஒரே மாதிரியான 45 பேரை மூன்று கூட்டமாக ஒப்பிட்ட சிறிய ஆய்வு 2020இல் வந்தது. ஏறக்குறைய ஆறு ஆண்டுகளில், வெட்டி எடுத்துக்கொண்ட 15 பேரில் 9 பேருக்கு மூட்டு மாற்ற வேண்டி வந்தது. அறுவை இல்லாமல் விட்ட 15 பேரில் 4 பேருக்கு. தைத்த 15 பேரில் ஒருவருக்கும் இல்லை. எண்ணிக்கை சிறியது, ஆனால் இந்தத் திசையில்தான் மற்ற ஆய்வுகளும் போகின்றன. தைத்தாலும் எல்லா வேர்களும் முழுதாக ஒட்டிவிடுவதில்லை. பிதுங்கிய திண்டு முற்றிலும் உள்ளே திரும்புவதும் அரிது. தேய்மானத்தின் வேகத்தைக் குறைக்கிறது, பல ஆண்டுகள் சொந்த முட்டில் நடக்கவிடுகிறது. அதற்கு மேல் யாராவது வாக்குக் கொடுத்தால் நம்பாதீர்கள். வேர் அறுந்த இடத்தில் வெட்டிச் சுத்தம் செய்து விடலாம் என்று யாராவது சொன்னால் அதற்கு மட்டும் சம்மதிக்கவே சம்மதிக்காதீர்கள்.

நாகர்கோவில் மருத்துவர் சொன்னதில் ஒரு நியாயம் இருக்கிறது. மூட்டு ஏற்கெனவே எலும்போடு எலும்பு உரசும் நிலைக்குப் போயிருந்தால், அல்லது கால் அதிகமாக வெளிவளைந்திருந்தால், வேரைத் தைப்பது நிற்காது. அதனால் தையலுக்கு ஒப்புக்கொள்ளும் முன் இரண்டு கால்களையும் நிற்கவைத்து, இடுப்பிலிருந்து கணுக்கால் வரை எக்ஸ்ரே எடுக்கச் சொல்லுங்கள். படுக்கவைத்து எடுத்த எக்ஸ்ரேயில் தேய்மானம் மறைந்துவிடும். கால் ஐந்து பாகைக்கு மேல் வளைந்திருந்தால், எலும்பை அறுத்து நேராக்கும் அறுவையையும் சேர்த்துச் செய்வது பற்றி மருத்துவர் பேசக்கூடும். அதைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். சர்க்கரை இருந்தால் கட்டுக்குள் வரட்டும். வெற்றிலையோடு புகையிலை போடும் பழக்கம் இருந்தால் இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். தையல் ஒட்டுவதை அது தடுக்கும்.

மூட்டு மாற்று அறுவை நல்ல அறுவை. செயற்கை முழங்கால்களில் பத்தில் எட்டு 25 ஆண்டுகள் வரை உழைக்கின்றன. ஆனால் அது தேய்ந்து முடிந்த மூட்டுக்கு. தேய்மானம் குறைவு என்று அறிக்கையே சொல்லும்போது, மாற்றுவதற்குத் தகுதியாகும்வரை தேயவிட்டுக் காத்திருப்பது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாமாவிடம் மரியாதையாகவே சொல்லுங்கள். நம் குமரி ஆசான்களின் தடவு முறையை நான் குறைத்துப் பேச மாட்டேன். சதைப் பிடிப்புக்கும் சுளுக்குக்கும் அவர்கள் கை செய்வதை நானே கண்டிருக்கிறேன். ஆனால் எலும்பிலிருந்து அறுந்த வேரை வெளியிலிருந்து தடவி ஒட்டவைக்க முடியாது. முட்டை அழுத்தி மடக்கும் சிகிச்சை இப்போது வேண்டவே வேண்டாம். தையலுக்குப் பிறகும் மாதக்கணக்கில் வேண்டாம்.

அறுவை எப்படி நடக்கும் என்று அம்மா கேட்பார். முதுகில் ஊசி போட்டு இடுப்புக்குக் கீழே மரத்துப்போகச் செய்வார்கள். முட்டில் இரண்டு மூன்று சிறு துளைகள். ஒன்றில் கேமரா, மற்றதில் கருவி. அறுந்த வேரில் உறுதியான நூலைக் கோப்பார்கள். முட்டுக்குக் கீழே எலும்பின் முன்பக்கத்திலிருந்து வேர் பதிந்திருந்த இடம் வரை ஒரு சுரங்கம் குடைந்து, அதன் வழியே நூலை இழுத்து, முன்பக்கம் ஒரு சிறு பொத்தானில் கட்டுவார்கள். அவ்வளவுதான்.

இனிதான் கடினமான பகுதி. என் அனுபவத்தில் இந்த அறுவை தோற்பது அரங்கில் குறைவு, வீட்டில் அதிகம். முதல் ஆறு வாரம் அந்தக் காலில் பாரம் போடக் கூடாது. மருத்துவர் அனுமதித்தால் விரல் நுனி தரையைத் தொடலாம். முட்டை 90 பாகைக்கு மேல் மடக்கக் கூடாது. படுத்தபடியே தொடைத் தசையை இறுக்கி விடுவது, முட்டை மடக்காமல் காலைத் தூக்குவது, இரத்தம் உறையாமல் கணுக்காலை அசைப்பது, இவை முதல் நாளிலிருந்தே. குதிகாலைப் பின்னோக்கி வலிந்து இழுக்கும் பயிற்சி மட்டும் ஆரம்பத்தில் கூடாது. பின்தொடைத் தசை ஒன்று அந்த மெனிஸ்கஸின் பின்பகுதியோடு இணைந்திருக்கிறது, இழுத்தால் தையலையே இழுக்கும். கெண்டைக்கால் வீங்கி வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ, துளையில் நீர் கசிந்தாலோ அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். நான்கு மாதம் வரையாவது குந்துவதும் சம்மணம் போடுவதும் கிடையாது. ஆறு மாதம் கழித்தே தோட்டத்தைப் பற்றிப் பேசலாம். அப்போதும் சமதளத்தில், நின்று வெட்டும் உயரத்தில் இருக்கும் மரங்கள் மட்டும். அடிப்பகுதி வெட்டும் சரிவும் இனி வேறு ஒருவருக்கு விடப்பட வேண்டும். தினக்கூலியில் ஓடும் வீட்டில் இதைச் சொல்வது எளிதல்ல என்று எனக்குத் தெரியும். ஆனாலும் அறுவைக்கு முன்பே இதைப் பேசி முடித்துவிடுங்கள்.

அதனால் மருத்துவமனைச் செலவை எண்ணும் முன் வீட்டை எண்ணுங்கள். கழிப்பறையில் உட்காரும் இருக்கை இருக்கிறதா? இல்லையென்றால் நாற்காலி வடிவில் வைக்கும் இருக்கை ஒன்று வாங்கிவிடுங்கள். முற்றத்துப் படி எத்தனை? கட்டில் உயரமா? தண்ணீர் எடுப்பது யார்? என்னிடம் வந்த ஒருவர் மூன்றாவது வாரம் வலி இல்லையே என்று ஊன்றுகோலைச் சுவரில் சாத்திவிட்டுக் கிணற்றடிக்கு நடந்தார். வலி போனதும் தையல் ஒட்டியதும் ஒன்று என்று நினைத்துவிட்டார். மறுபடி அதே சத்தம்.

இலை உதிர்ந்து மரத்துக்கு ஓய்வு விடும் மாதம் வரட்டும், அப்போது வைத்துக்கொள்ளலாம் என்று அம்மா சொல்லக்கூடும். தோட்டத்தை நம்பியவர்கள் எல்லாரும் அப்படித்தான் நாள் குறிப்பார்கள். ஐந்து வாரம் ஏற்கெனவே போய்விட்டது. ஒவ்வொரு மாதமும் அந்தக் குருத்தெலும்பு விலை கொடுக்கிறது. இன்றிலிருந்தே பால் வெட்டு வேண்டாம், ஒரு ஊன்றுகோலாவது கையில் இருக்கட்டும். இரவில் படுத்திருக்கும்போதும் வலி கடுமையாக இருந்தால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லச் சொல்லுங்கள். பாரம் தாங்காமல் எலும்பிலும் நுண்முறிவு வந்திருக்கலாம்.

இன்னொன்று, தம்பி. உங்களுக்கு ஒரு விடுப்புதான் கிடைக்குமென்றால் அறுவை நாளுக்கு வராதீர்கள். அன்றைக்கு மாமாவும் சித்தியும் அக்கம்பக்கத்தாரும் வார்டு நிறைய நிற்பார்கள். இரண்டாவது வாரம் முடிந்து எல்லாரும் அவரவர் வேலைக்குத் திரும்பியபின் வாருங்கள். அம்மாவுக்கு வலி குறைந்து, முற்றத்தைப் பெருக்கத் துடைப்பத்தைத் தேடும் நேரம் அதுதான்.